வாசலில் கேட்ட கேள்விகள்: காட்பாடிப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து

ஞாயிறு காலையில் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலய வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, ஆனால் கேள்விக்குப் பஞ்சம் கிடையாது. இரண்டு வருடமாக ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒரு வகை, நாற்பது வருடமாக வருகிறவர்கள் முறைத்துக்கொண்டே கேட்பது இன்னொரு வகை. எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் இப்போது கமிட்டியில் இல்லை. அதனால் ஒன்றிரண்டு இடங்களில் என் சொந்த அபிப்பிராயமும் இருக்கும்.

நாங்க ஊருக்குப் புதுசு. எத்தனை மணிக்கு வரணும், யாரைப் பார்க்கணும்?

தமிழ் ஆராதனை காலை 7 மணிக்கு ஒன்று, 9.30 மணிக்கு ஒன்று. ஆங்கில ஆராதனை மாலை 5 மணிக்கு. முதல் தடவை வருகிறவர் யாரையும் பார்க்க வேண்டாம், வந்து உட்காருங்கள், போதும். இரண்டாம் தடவை வரும்போது செயலாளரிடம் பெயரும் போன் நம்பரும் கொடுத்தால் உங்கள் தெருவுக்கான ஜெபக்குழுவில் சேர்த்துவிடுவார்கள். ஜெபக்குழுவுக்குப் போனால்தான் நாலு பேர் முகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தெரியாது.

முன்னே எல்லாரும் ஒண்ணா இருந்தோம். ஏன் ஆராதனையை ரெண்டாப் பிரிச்சீங்க?

இடம் இல்லை, அவ்வளவுதான். காட்பாடி முன்பு ரயில் மாறுகிற ஊர். 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி பிறகு வி.ஐ.டி. பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பிள்ளைகள் படிப்புக்காகக் குடியாத்தம், பள்ளிகொண்டா, ஆரணிப் பக்கத்திலிருந்து குடும்பங்கள் வந்தன. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் பாலாற்றுக்கு இந்தப் பக்கம் வீடு பார்த்தார்கள். சர்ச் மட்டும் அதே அளவில் இருந்தது. தாழ்வாரத்தில் தகர ஷெட் போட்டோம். வேலூர் மே மாதத்தில் தகரத்துக்குக் கீழே பிரசங்கம் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு ஒரு பெண் ஷெட்டில் உட்கார்ந்து, திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் பெறும் நேரத்துக்கு) முன்பே எழுந்து போய்விட்டார். குழந்தையின் கழுத்து முழுக்க வேர்க்குரு. அடுத்த வாரமே கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது.

பிரித்ததில் நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது ஜன்னலுக்குப் பக்கத்துப் பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே, ஒரு பெரியவர் முப்பது வருடம் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு பக்கம் சம்பந்தி, இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. இப்போது சம்பந்தி 7 மணிக்கு வருகிறார், கூட்டாளி பேரப்பிள்ளைகளோடு ஒன்பதரைக்கு. "என்னை நடுவுல வெச்சு அறுத்துட்டீங்கப்பா" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. முதல் ஆராதனை எட்டே முக்காலுக்கு முடிகிறது. முன்பு டீ இரண்டாவது ஆராதனை முடிந்த பிறகு. அதை நடுவில் கொண்டுவந்தோம். இப்போது போகிறவர்களும் வருகிறவர்களும் வேப்பமரத்தடியில் சந்திக்கிறார்கள். பெரியவர் முக்கால் மணி நேரம் அங்கேதான் இருக்கிறார். ஒன்பதரை ஆராதனை சில நாள் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்குவதற்கு அந்த டீதான் காரணம். அதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

சி.எஸ்.ஐ.ன்னா இங்கிலீஷ்காரன் சபைதானே?

பாதி சரி. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்தன. நம் வட ஆற்காட்டுச் சபைகளில் பெரும்பாலானவை அந்த மூன்றாவது வழியில் வந்தவை. 1853இல் ஸ்கட்டர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன்தான் அவற்றின் வேர். சி.எம்.சி.யை 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய ஐடா ஸ்கட்டரும் அந்தக் குடும்பம்தான். கோட்டைக்குள் இருக்கும் புனித யோவான் ஆலயம் மட்டும் இங்கிலீஷ் பட்டாளத்துக்காகக் கட்டியது.

ஆக, 1947க்கு முன்னால் நம் பாட்டன்மாருக்குப் பேராயர் (பிஷப்) என்ற ஒருவரே கிடையாது. வேலூர் பேராயம் (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகள்) சென்னையிலிருந்து தனியாகப் பிரிந்தது 1976இல். "ஆதியிலிருந்து இப்படித்தான்" என்று யாராவது மேஜையைத் தட்டினால் எனக்கு இந்த வருடங்கள்தான் ஞாபகம் வரும்.

நான் கத்தோலிக்கப் பிள்ளை, கட்டிக்கிட்டவர் சி.எஸ்.ஐ. சேரணும்னா மறுபடி ஞானஸ்நானம் எடுக்கணுமா?

வேண்டாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் பெற்ற ஞானஸ்நானம் ஒரு முறைதான். குழந்தையில் பெற்றாலும் அதுவே செல்லும். ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள். கிடைக்காவிட்டால் ஐயரிடம் (சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நேரில் சொல்லுங்கள். வேறு சி.எஸ்.ஐ. சபையிலிருந்து வருகிறவர்கள் அங்கிருந்து மாற்றுச் சான்று வாங்கிவர வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு பழைய ஊருக்கு ஓடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

இதற்கு நேர் எதிரான கேள்வியும் வரும்: "குழந்தையில எடுத்தது செல்லாதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, முழுகி எடுக்கலாமா?" நம் சபையில் மறு ஞானஸ்நானம் கிடையாது. பெரியவராகி முதன்முறை எடுக்கிறவர் முழுகி எடுக்க விரும்பினால் ஐயரிடம் கேட்கலாம், அது வேறு விஷயம். அக்காவோடு சண்டை போடாதீர்கள். நல்ல அக்கா, மழை நாளில் நம் சபைப் பிள்ளைகளுக்கும் குடை கொடுத்தவர்.

சந்தா எவ்வளவு? கட்டலைன்னா கல்யாணம் பண்ணி வைக்க மாட்டாங்களாமே?

குறைந்தபட்சச் சந்தாவைக் கமிட்டி முடிவு செய்கிறது, நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது உங்கள் மனது. சந்தா கட்டுகிறவர்களுக்குத்தான் சபைத் தேர்தலில் ஓட்டு என்பது உண்மை. கல்யாண ஓலை (ஆராதனையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) எழுத வரும்போது பாக்கியைக் கேட்பார்கள் என்பதும் உண்மை.

முடியாதவர்கள் ஐயரிடம் தனியாகச் சொன்னால் தள்ளுபடி உண்டு. அது வெளியே போகாது. என்னைக் கேட்டால், கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ரசீதுப் புத்தகத்தை எடுப்பதே அசிங்கம். கமிட்டியில் இருந்தபோது சொன்னேன். சாவு வீட்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். பாதி ஜெயம்.

எங்க அம்மா பாடின கீர்த்தனையெல்லாம் எடுத்துட்டு, டிரம்ஸ் அடிச்சு என்ன ஆராதனை இது?

அதிகம் வந்த கேள்வி இதுதான். கேட்கிறவர்களின் குரலும் இதில்தான் அதிகம் உயர்கிறது. கீர்த்தனையை எடுக்கவில்லை. 7 மணி ஆராதனையில் கீர்த்தனையும் ஞானப்பாட்டும், ஹார்மோனியத்தோடு. ஒன்பதரைக்குக் கீபோர்டும் புதுப் பாட்டுகளும், ஆனால் திருவிருந்து நேரத்தில் ஒரு கீர்த்தனை கட்டாயம். கொயரில் வாலிபப் பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே ராகம் கேட்டு வருகிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகத்தில் கிறிஸ்தவப் பாட்டுக் கட்டியபோது அதுவும் ஒரு புதுமைதான். ஞானப்பாட்டுகளில் பாதி, ஜெர்மன் மெட்டிலும் இங்கிலீஷ் மெட்டிலும் தமிழை உட்காரவைத்தவை. சமாதானம் சொல்லிக் கைகளைப் பற்றி வரிசையாகக் கொடுக்கிறோமே, அது பாட்டன் காலத்து வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1950இல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து முறைமையோடு வந்தது அது. கேரளத்துச் சிரியன் சபை வழக்கத்திலிருந்து எடுத்தது.

ஆனால் டிரம்ஸ் பேடின் சத்தம் பற்றிய புகார் நியாயம். முன் பெஞ்சில் காது மிஷின் வைத்திருக்கும் பாட்டிமார் அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு உட்காருகிறார்கள். வால்யூமைக் குறைக்கச் சொல்லியாயிற்று. குறைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

பாட்டுப் புத்தகம் இருக்கும்போது திரை எதுக்கு?

திரையை வேண்டாம் என்றவர்கள் நடுவயதுக்காரர்கள். வேண்டும் என்றவர்கள் பாட்டிமார், எழுத்துப் பெரிதாக இருப்பதால். குறை ஒன்றே ஒன்று, தட்டச்சு. ஒரு ஞாயிறு "கர்த்தர் என் மேய்ப்பர்" என்பது "கர்த்தர் என் மேப்பர்" என்று வந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பின்வரிசையில் சிரித்து அடங்கப் பிரசங்கமே முடிந்துவிட்டது. இப்போது சனிக்கிழமை இரவு ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் பார்த்துக் கொடுக்கிறார்.

திரையில் போடும் வசனம் எந்த மொழிபெயர்ப்பு என்றும் கேட்கிறார்கள். நாம் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்புதான், பவர் ஐயர் தலைமையிலான குழு 1871இல் முடித்தது. வாலிபர் வேதபாடத்தில் மட்டும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள்.

பழைய சர்ச்சை இடிக்கப் போறீங்களாமே?

இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த படம் வேறு ஏதோ ஊர் ஆலயம். பழைய கட்டடம் அப்படியே இருக்கும், ஓடு மாற்றுகிறார்கள். தேக்கு உத்திரத்தில் ஒன்றைக் கரையான் அரித்திருக்கிறது, அதை மாற்றுவார்கள். 7 மணி ஆராதனையும் ஓய்வுநாள் பள்ளியும் அங்கேதான். பின்னால் இருக்கும் காலி இடத்தில் பெரிய ஆலயம் வரும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்றால், நிலம் கமிட்டியின் பெயரில் இல்லை. சி.எஸ்.ஐ. சொத்துகள் தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன. நாம் நினைத்தால் ஒரு சுவரைக்கூட எழுப்ப முடியாது. பேராயத்தின் அனுமதி வேண்டும், பிறகு வழிபாட்டுத் தலம் கட்ட ஆட்சியர் அலுவலகம், பிறகு பிளான் அப்ரூவல். இந்த இழுபறியில் எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் ஒரு கமிட்டி கையெழுத்துப் போட்டு நிலத்தை விற்றுவிட முடியாதபடி பாதுகாப்பாக இருப்பதும் இதே ஏற்பாட்டால்தான்.

என் தம்பி அமெரிக்காவுல இருக்கான். கட்டட நிதிக்கு அஞ்சு லட்சம் அனுப்பறேங்கறான். வாங்கிப்பீங்களா?

முதலில் ஒரு கேள்வி: தம்பி கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பொருளாளர் பாஸ்போர்ட் நகல் கேட்பார், கோபப்படாதீர்கள்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) இருந்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டும்தான் வர முடியும். அங்கே வாங்கி இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் கூடாது. நம் கட்டட நிதிக் கணக்குக்கு அப்படிப் பதிவு இல்லை, எனவே வாங்க முடியாது.

"அப்போ என் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நான் கட்டிடறேன்" என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். பொருளாளர் அதற்கும் மாட்டேன் என்பார். அவர் ரிட்டயர்டு பாங்க் மேனேஜர், அவரிடம் யாரும் இதுவரை ஜெயித்ததில்லை. தம்பி லீவில் வரும்போது ஒரு நாள் வந்து செங்கல் எடுத்துக் கொடுக்கட்டும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு கத்திரிக்காய் கூடை எவ்வளவு போச்சு தெரியுமா? இது பக்தியா, வீம்பா?

இரண்டும்தான். முன்பு கிராமத்திலிருந்து வருகிறவர்கள் நெல், வேர்க்கடலை, பூசணி, கோழி என்று கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். இப்போது பாதிப் பேருக்கு நிலம் இல்லை. போன வருடம் ஒரு வீட்டிலிருந்து ஃபிரிட்ஜ் பெட்டி நிறைய பிஸ்கட் பாக்கெட் வந்தது. அதுவும் காணிக்கைதான்.

கூடை விஷயம் இதுதான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், காம்பில் முள்ளோடு, காலையில் பறித்தது. கொண்டுவந்தவர் கட்டட வேலை செய்கிறவர், அரைக் கிரவுண்டில் கத்திரி போட்டிருக்கிறார். இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் போட்டி போட்டு ஏற்றினார்கள். மைக் பிடித்தவருக்குக் குஷி, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் எடுத்தவர் கூடையைத் தூக்கி, கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கைதட்டல். ஆனால் கூடைக்காரர் முகத்தைப் பார்த்தேன், அவருக்குச் சந்தோஷம் இல்லை. கடவுளுக்குக் கொடுத்ததைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போகும்படி ஆயிற்றே என்று. இதற்கு நான் என்ன தீர்ப்புச் சொல்வது? இந்த வருடம் ஏலத்துக்கு முன்பு ஒவ்வொரு வீட்டின் காணிக்கையையும் பீடத்தில் வைத்து ஜெபிக்கும்போதே பெயர் சொல்லுவது என்று ஏற்பாடு. ஏலம் பிறகு, மரத்தடியில்.

நல்லா நடத்திட்டிருக்கிற ஐயரை ஏன் மாத்தறாங்க?

ஐயர்மார் சபைக்குச் சொந்தமில்லை, பேராயத்துக்கு. மாற்றலைப் பேராயர் தீர்மானிக்கிறார், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் பெரும்பாலும் மே, ஜூனில் வரும். கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறோம். நல்ல ஐயர் போகும்போது அழுகிற நாம், சுமாரான ஐயர் போகும்போது இந்த முறையைப் பாராட்டினோம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து ஒரு லேடி ஆயர் வரப்போறாங்கன்னு கேள்விப்பட்டோம். சரியா வருமா?

யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பெண் ஆயர் என்பது புதுசு அல்ல. சி.எஸ்.ஐ.யில் பெண்கள் குருப்பட்டம் பெறத் தொடங்கியது 1976இல். மேலே சொன்னேனே, வேலூர் பேராயம் பிறந்த அதே வருடம். 2013இல் புஷ்பலலிதா அம்மா நந்தியால் பேராயராகவே ஆனார்கள். ஐயரின் மனைவியை ஐயரம்மா என்று கூப்பிடுகிறோம், ஆயரம்மாவின் வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இப்போது ஓடுகிற பெரிய விவாதம்.

சாயங்காலம் ஏழரைக்கு முகூர்த்தம் வெச்சுக்கலாமா? மண்டபம் அப்பதான் கிடைக்குது.

வைக்க முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நம் ஆலயத் திருமணங்களைக் காலை 6 முதல் இரவு 7 மணிக்குள் முடிக்க வேண்டும். ரிசப்ஷனை ஏழரைக்கு வையுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி முன்னதாக வாருங்கள். இப்போது இரண்டு ஆராதனை என்பதால் ஓலையை இரண்டிலும் வாசிக்கிறார்கள்.

நாங்க குடும்பமா ஞானஸ்நானம் எடுக்கலாம்னு இருக்கோம். பையனோட எஸ்.சி. சர்டிபிகேட் என்னாகும்?

இதை யாரும் வாசலில் கேட்பதில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். நேராகவே சொல்கிறேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதை மாற்றக் கோரி 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அது கோரிக்கைதான், சட்டம் ஆகவில்லை.

"எடுத்துட்டு, சர்டிபிகேட்டை அப்படியே வெச்சுக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. கிறிஸ்தவ விசுவாசத்தில் இருந்துகொண்டு ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள், ஒரு வக்கீலையும் பாருங்கள். அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. அதுவரை வாருங்கள், உட்காருங்கள், டீ குடியுங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று பேசுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாருக்கும் இப்படி ஒரு கணக்குப் போட வேண்டிய நிலை வந்ததில்லை.

கமிட்டியில எப்பவும் அதே நாலு குடும்பம்தானா? புதுசா வந்தவங்க நிக்கலாமா?

நிற்கலாம். மாற்றுச் சான்று கொடுத்திருக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக் கூடாது, திடப்படுத்தல் (விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு) ஆகியிருக்க வேண்டும். மற்ற விதிகள் செயலாளரிடம். நாலு குடும்பம் என்பது மிகை, ஆறு இருக்கும். அவர்கள் விட மாட்டேன் என்கிறார்கள் என்பது ஒரு பாதி. கூட்டம் இரவு பத்தரை வரை போகும்போது உட்கார்ந்திருக்க வேறு யாரும் வருவதில்லை என்பது மறு பாதி. போன தேர்தலில் ஒன்பதரை ஆராதனையிலிருந்து ஒரு நர்ஸ் தங்கை நின்று ஜெயித்தார். டியூட்டி முடித்து நேராகக் கூட்டத்துக்கு வருகிறார். அவர் வந்த பிறகு கூட்டங்கள் ஒன்பது மணிக்கு முடிகின்றன.

கல்லறைத் தோட்டத்துல இடமே இல்லையாமே? எங்களுக்கு என்ன வழி?

புதுக் குழிக்கு இடம் மிகக் குறைவு. இப்போதைக்குக் குடும்பக் கல்லறை இருப்பவர்கள் அதையே மறுபடி திறந்து அடக்கம் செய்கிறார்கள். புதுக் குடும்பங்களுக்காக வடக்குச் சுவர் ஓரம் ஒதுக்கியிருக்கிறது. முன்பதிவு யாருக்கும் கிடையாது, எவ்வளவு கொடுத்தாலும்.

சிக்கல் என்னவென்றால் பழைய பகுதியில் பல மேடுகளுக்குப் பெயரே இல்லை. மரச் சிலுவை மக்கிப்போயிற்று, பதிவேட்டில் சில பக்கங்களைச் செல்லரித்துவிட்டது. நானும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் மூன்று பேரும் சனிக்கிழமை மாலைகளில் இருக்கிறதைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் தாத்தா பாட்டி அங்கே இருந்தால் அவர்கள் பெயர், இறந்த வருடம், எந்த மரத்துக்குப் பக்கம் என்று ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு நான் வாசலில் இருப்பேன்.